தோலில் படர்வது, பிறவியில் அமைவது

கச்சிராயப்பாளையத்தைத் தாண்டி மேலேறும் சாலை வெள்ளிமலைக்குப் போகிறது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, கல்வராயன் மலையின் கிழக்குப் பாதி அதன் எல்லைக்குள் வந்தது. மேற்குப் பாதி சேலத்தோடு இருக்கிறது. சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகள், ஒன்றுக்கொன்று எட்டாத சிற்றூர்கள், பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். இந்த ஊர்களின் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் ஒரு மருத்துவக் குழு போய்ச் சேர வேண்டும். ராஷ்டிரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற பெயரில் 2013இல் நாடு முழுவதும் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் விதி அது. பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயது வரை, முப்பது வகைக் குறைபாடுகளை அந்தக் குழு தேடிப் பார்க்கிறது.

முப்பதில் ஒன்று தோல் நோய். இன்னொன்று ஆட்டிசம். வரிசையில் நிற்கும் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் இடுப்பில் வட்டமாகச் சிவந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

பூஞ்சைத் தொற்றும் ஆட்டிசமும் பொதுச் சுகாதாரத்தில் உண்மையாகச் சந்தித்துக்கொள்ளும் முதல் இடம் இந்த வரிசைதான். கைப்பேசியில் சுற்றி வரும் காணொளிகள் வேறொரு சந்திப்பைச் சொல்கின்றன. குடலில் பூஞ்சை பெருகுவதால்தான் ஆட்டிசம் வருகிறது, பூஞ்சையைக் கொன்றால் குழந்தை பேசும் என்கின்றன. அது ஏன் தவறு என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பூஞ்சை.

படர்தாமரை வராத வீடு இன்று தமிழ்நாட்டில் அபூர்வம். அதை உண்டாக்கும் பூஞ்சைகளின் உணவு கெரட்டின். நம் தோலின் மேலடுக்கு, முடி, நகம் மூன்றும் கெரட்டினால் ஆனவை. உயிருள்ள திசுவுக்குள் இந்தப் பூஞ்சை பெரும்பாலும் நுழைவதில்லை. மேலே இருக்கும் இறந்த செல்களில் நொதிகளைச் சுரந்து, கெரட்டினைக் கரைத்து உண்டபடி வெளிப்பக்கம் நகர்கிறது. பின்னால் விட்டுவந்த பகுதியில் உடலின் எதிர்ப்பாற்றல் அதை அடக்கிவிடுவதால் நடு ஆறி, விளிம்பு மட்டும் சிவந்து தடிக்கிறது. காய்ந்த புல்லுக்கு வைத்த தீ விளிம்பில் எரிய, நடுவில் கரி மட்டும் கிடப்பதைப் போன்ற வட்டம் அது. வியர்வையும் ஈரமும் இறுக்கமான துணியும் அதற்கு வேண்டியவை. மலையில் மழைக்காலத்தில் நாள்கணக்கில் துணி காய்வதில்லை. ஒரே துண்டை வீட்டில் நான்கு பேர் பயன்படுத்துகிறார்கள். எஸ்டேட் வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் கூட்டமாக ஓரறையில் தங்கித் திரும்புகிறார்கள். உதிர்ந்த தோல் செதிலில் ஒட்டியிருக்கும் வித்துகள் துணியிலும் பாயிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதைப் பெரிய விஷயமாக யாரும் பேசியதில்லை. இரண்டு மூன்று வாரம் களிம்பு தடவினால் போய்விடும். இப்போது போவதில்லை. போனாலும் ஒரு மாதத்தில் திரும்பி வருகிறது. குடும்பத்தில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பரவுகிறது, முகத்தில்கூட வருகிறது. தோல் மருத்துவர்கள் ஆறு எட்டு வாரம் மாத்திரை கொடுத்தும் சிலருக்குக் கேட்பதில்லை. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தியா முழுக்க நடந்த மாற்றம் இது. இதற்குப் பின்னால் இருக்கும் பூஞ்சைக்கு 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தனிப்பெயர் வைத்தார்கள்: டிரைக்கோஃபைட்டான் இண்டோடீனியே. பெயரிலேயே இந்தியா ஏறிவிட்டது. 2023 மே மாதம் அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் நியூயார்க்கில் இருவருக்கு இதே பூஞ்சை இருந்ததை அறிவித்தது. அவர்களில் ஒருவர் அண்மையில் வெளிநாடே போகாதவர். அங்கேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவத் தொடங்கியிருக்கலாம் என்று அவர்கள் கவலைப்பட்டதற்கு அதுதான் காரணம்.

மருந்து ஏன் தோற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சங்கடமான உண்மையிலிருந்து தொடங்க வேண்டும். பூஞ்சை தாவரத்தைவிட விலங்குக்கே நெருங்கிய உறவு. அதன் செல்லும் நம் செல்லும் பெருமளவு ஒரே மாதிரி இயங்குவதால், நம்மை விட்டுவிட்டு அதை மட்டும் தாக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றில் முக்கியமானது எர்கோஸ்டெரால். நம் செல் சவ்வில் கொலஸ்டிரால் செய்யும் வேலையைப் பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் செய்கிறது. அதன் உற்பத்தியை ஒரு கட்டத்தில் டெர்பினஃபின் தடுக்கிறது, அடுத்த கட்டத்தில் இட்ராகோனசோல், ஃப்ளூகோனசோல் போன்றவை தடுக்கின்றன. டெர்பினஃபின் போய் உட்கார வேண்டிய நொதியின் பெயர் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ். அந்த நொதியில் 397ஆவது இடத்திலுள்ள ஒரேயொரு அமினோ அமிலம் மாறினாலே மருந்து சரியாக ஒட்டாமல் போகிறது. இந்தியப் பூஞ்சைகளில் பரவலாகக் காணப்படும் மாற்றங்களில் அது ஒன்று.

பூஞ்சைக்கு இந்த வாய்ப்பைக் கொடுத்ததில் மருந்துக்கடைக் களிம்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பது தோல் மருத்துவர்கள் பலரின் கருத்து. என் கருத்தும் அதுவே. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றையும் ஒரே குழாயில் அடைத்த களிம்புகள் நம் ஊர்க் கடைகளில் சோப்பு வாங்குவது போலவே கிடைக்கின்றன. க்ளோபீட்டசால் போன்ற வலுவான ஸ்டீராய்டு தடவியதும் ஓரிரு நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடும். வாங்கியவர் குணமாகிவிட்டது என்று நம்புவதில் தவறே இல்லை. உண்மையில் அடங்கியது உடலின் எதிர்ப்பு மட்டும். எதிர்ப்பு இல்லாத தோலில் பூஞ்சை வட்டம் கலைந்து, விளிம்பு மங்கி, தொடை முழுக்கப் பரவுகிறது. தோல் மெலிந்து கோடு கோடாக வெடிக்கிறது. கூடவே இருக்கும் பூஞ்சை மருந்து அரைகுறை நாள்களே கிடைப்பதால், அதைத் தாக்குப்பிடிக்கும் பூஞ்சை மட்டும் மிஞ்சிப் பெருகுகிறது. குழந்தைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு அதிகம் என்பதால் ஸ்டீராய்டு இரத்தத்தில் கலந்து வளர்ச்சியையே பாதிக்கலாம். 2018இல் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. விதி இருக்கிறது. அதை நடைமுறையில் கொண்டுவரும் வேலை மிச்சமிருக்கிறது.

ஸ்டீராய்டும் பூஞ்சையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம் 2021இலேயே பார்த்தோம். கொரோனா இரண்டாம் அலையில் கட்டுக்கடங்காத சர்க்கரையோடு ஸ்டீராய்டும் சேர்ந்தபோது கருப்புப் பூஞ்சை கண்ணையும் மூக்கையும் தின்றது. அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் உலகச் சுகாதார நிறுவனம் வரலாற்றிலேயே முதல்முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் முன்னுரிமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பாக்டீரியாவுக்கு அப்படியொரு பட்டியல் 2017இலேயே வந்துவிட்டது. பூஞ்சைக்கு எப்போதும் பின்வரிசைதான்.

இத்தனைக்கும் படர்தாமரையைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். விளிம்பிலிருந்து கொஞ்சம் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டால் தோல் செல்கள் கரைந்து பூஞ்சை இழைகள் மட்டும் நுண்ணோக்கியில் தெரியும். சில நிமிட வேலை. சளிப் பரிசோதனைக்கு நுண்ணோக்கி வைத்திருக்கும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம். தேமலா, படர்தாமரையா, பூஞ்சையே இல்லாத சொறியா என்பது அந்த ஒரு சொட்டில் தெளிவாகிவிடும்.

தோலைவிட அவசரமான ஓர் இடம் கண். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கும் மாவட்டம் இது. கரும்புத் தோகை கண்ணில் அறைவது, நெல்லின் சொணை தெறிப்பது, மக்காச்சோள இலை கீறுவது இங்கே அன்றாடம். கீறலோடு ஃபியூசேரியம் போன்ற பூஞ்சை உள்ளே போனால் கருவிழியில் புண்ணாகி வெள்ளை விழுந்து பார்வை போகும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர் எம். சீனிவாசன் குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குப் பூஞ்சை. குளிர்நாடுகளில் கருவிழிப் புண் என்றால் பெரும்பாலும் பாக்டீரியா. நம் வயல்களில் நிலைமை வேறு. 2013இல் அதே மருத்துவமனை அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 323 பேரிடம் நடத்திய சோதனையில், நாட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்து, புதிய வோரிகோனசோலைவிட நன்றாக வேலை செய்தது. உலகம் முழுக்க மருத்துவர்கள் இன்று பின்பற்றும் முடிவு அது.

ஆனால் எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, அவ்வளவு பேசப்படாத இன்னொரு ஆய்வு. மதுரை மாவட்டத்தின் ஊராட்சிகளில் கிராம ஆரோக்கியப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணில் கீறல் பட்டவர் உடனே அவர்களிடம் வந்தால், மூன்று நாளைக்குக் களிம்பு போடுவார்கள். அவ்வளவுதான். 2006இல் முடிவு வெளியானது. கருவிழியில் கீறல் பட்ட 374 பேரில் ஒருவருக்கும் புண்ணாகவில்லை. கண் மருத்துவர் கிராமத்துக்குப் போகவில்லை. கீறலை அன்றைக்கே பார்க்கப் பழகிய ஒருவர் அந்த ஊரிலேயே இருந்தார். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு என்று ஊற்றி ஒரு வாரத்தைக் கழித்துவிட்டு, வெள்ளை விழுந்த கண்ணோடு புதுச்சேரிக்கோ சேலத்துக்கோ பேருந்து ஏறுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள்.

முதலில் பார்ப்பவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. ஆட்டிசத்திலும் கதை அங்கேயேதான் திரும்புகிறது.

ஆட்டிசம் தொற்றாது. நோய் என்று சொல்வதுகூடப் பொருந்தாது. மூளை வளரும் விதத்தில் கருவிலேயே அமையும் வேறுபாடு அது. மற்றவரோடு பேசுவது, பார்வையையும் சைகையையும் பரிமாறிக்கொள்வது, மாற்றங்களைத் தாங்குவது, ஒலி ஒளி தொடுகையை உணர்வது எல்லாவற்றிலும் அந்த வேறுபாடு தெரியும். ஒருவருக்குப் பேச்சே வராமல் போகலாம். இன்னொருவர் பட்டப்படிப்பு முடித்து வேலைக்குப் போகலாம். 2019இல் ஐந்து நாடுகளில் இருபது லட்சம் குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்தபோது, ஆட்டிசம் வரும் வாய்ப்பில் எண்பது விழுக்காட்டளவு மரபுவழிக் காரணங்களைச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஒற்றை மரபணு அன்று; நூற்றுக்கணக்கானவை சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன.

லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்து இதன் மருத்துவ வரலாறு தொடங்குகிறது. அதன் பிறகு பல ஆண்டுகள், பாசமில்லாத தாயால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று மருத்துவர்களே எழுதினார்கள். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை. 1998இல் பழி தடுப்பூசிமேல் திரும்பியது. பன்னிரண்டே குழந்தைகளை வைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் எழுதிய கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அவர் மருத்துவராகத் தொழில் செய்யும் உரிமையையும் இழந்தார். 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு, அம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்பதை மீண்டும் உறுதி செய்தது. தாய், ஊசி, இப்போது குடல் பூஞ்சை. குற்றவாளி மாறிக்கொண்டே இருக்கிறார்.

எண்ணிக்கை பெருகுகிறதே என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 2000இல் 150 குழந்தைகளுக்கு ஒருவர் என்று கணக்கிட்டார்கள், 2022இல் 31க்கு ஒருவர். இடைப்பட்ட காலத்தில் ஆட்டிசம் என்பதன் வரையறை விரிந்தது, பரிசோதனை பரவியது, முன்பு மனவளர்ச்சிக் குறை என்று எழுதப்பட்டவர்கள் இந்தப் பெயருக்குள் வந்தார்கள். உயர்வின் பெரும்பகுதிக்கு அதுவே விளக்கம். இந்தியாவில் ஐந்து இடங்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பரிசோதித்து 2018இல் வெளியான ஆய்வு, நூறில் ஒரு குழந்தைக்கு அருகே ஆட்டிசம் இருப்பதாகக் கண்டது.  ஆக, ஆயிரம் குழந்தைகள் வாழும் மலையூர்த் தொகுப்பில் ஏறத்தாழப் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்கள் எங்கே? பள்ளியை விட்டு நின்றவர்கள், ஆடு மேய்க்க அனுப்பப்பட்டவர்கள், ஊமை என்று பெயர் வாங்கியவர்கள், சாமி குற்றம் என்று கயிறு கட்டிவிடப்பட்டவர்கள் மத்தியில் அவர்களைத் தேட வேண்டியிருக்கும்.

"அவங்கப்பனும் மூணு வயசுக்கு மேலதான்டி வாயத் தொறந்தான்" என்று ஆயா சொன்னால் மருமகள் அதற்கு மேல் பேச மாட்டாள். ஆயா சொல்வது பொய்யும் இல்லை. தாமதமாகப் பேசும் குழந்தைகள் பலர் தாமாகவே பேசிவிடுகிறார்கள். அதனால்தான் பேச்சை மட்டும் பார்த்துக் காத்திருப்பது ஏமாற்றிவிடுகிறது. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? ஒன்றரை வயதில் தனக்குப் பிடித்ததை, நிலாவையோ நாய்க்குட்டியையோ, விரல் நீட்டிக் காட்டுகிறதா? காட்டிவிட்டு நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? இரண்டு வயதில் இரண்டு சொல்லைத் தானாகச் சேர்த்துச் சொல்கிறதா? வந்த பேச்சு நின்றுபோனதா? பேசாத குழந்தையும் விரல் நீட்டும், முகம் பார்க்கும், வேண்டியதைச் சைகையில் கேட்கும் என்றால் முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிப்பது நல்லது. விரலும் நீட்டவில்லை, முகமும் பார்க்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. பதினாறு மாதம் முதல் முப்பது மாதம் வரையுள்ள குழந்தைகளுக்காக இருபது கேள்விகள் கொண்ட எம்-சாட் என்ற வினாத்தாள் தமிழிலும் உண்டு. அங்கன்வாடி ஊழியர் தாயோடு உட்கார்ந்து கால் மணி நேரத்துக்குள் கேட்டு முடித்துவிடலாம். அது முடிவைச் சொல்லாது. யாரை அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லும்.

அனுப்பினால் என்ன கிடைக்கும் என்பது நியாயமான கேள்வி. பேச்சுப் பயிற்சியாளரும் நடத்தைப் பயிற்சியாளரும் சென்னையில் இருக்கிறார்கள். பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. வாரம் இருமுறை மலையிலிருந்து இறங்கி வர எந்தக் கூலிக் குடும்பத்தாலும் முடியாது. இதற்கு விடை கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் கிடைத்தது. இங்கிலாந்தில் வல்லுநர்கள் நடத்திய ஒரு பயிற்சியை நம் சூழலுக்கு மாற்றி, வல்லுநர் அல்லாத ஆரோக்கியப் பணியாளர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் பெற்றோருக்கு வழிகாட்டினார்கள்: குழந்தை எதைப் பார்க்கிறதோ அதை நீங்களும் பாருங்கள், அது செய்வதைப் பற்றிச் சின்னச் சொல்லில் பேசுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். 65 குழந்தைகளோடு நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. பெற்றோர் பேசும் விதம் மாறியது, குழந்தைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது. எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு மலைப்பெண்ணால் கற்றுக்கொண்டு செய்யக்கூடிய வேலை அது என்பது எனக்குப் பெரிய செய்தி.

கள்ளக்குறிச்சிக்கு இப்போது சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; 2022 ஜனவரியில் திறந்தார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனி வகையாக ஏற்றுச் சான்றிதழுக்கு வழி செய்திருக்கிறது. 2024 ஜூன் மாத நச்சுச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், அடையாள அட்டைகள் பற்றிய கேள்விகள் அங்கே எழுந்தன. சாலை வந்தால் ஆம்புலன்ஸ் வரும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு வேண்டியது, ஊருக்குள்ளேயே வாரம் ஒருமுறை வந்து உட்காரும் ஆள்.

இனி அந்தக் குடல் பூஞ்சைக்கு வருவோம். கேண்டிடா என்ற பூஞ்சை நம்மில் பலரின் குடலிலும் வாயிலும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு மலச்சிக்கல், வயிற்றுவலி போன்றவை மற்றவர்களைவிட அதிகம் என்பதும் உண்மை. சில சிறிய ஆய்வுகளில் அவர்களின் மலத்தில் கேண்டிடா சற்றுக் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. இந்த மூன்று உண்மைகளையும் அடுக்கி, மேலே ஒரு பொய்யை வைத்துவிட்டார்கள். எது காரணம், எது விளைவு என்பதை யாரும் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து 2021இல் செல் இதழில் வெளியான ஆய்வு அதைக் கேட்டது. ஆட்டிசத்துக்கும் குடல் நுண்ணுயிர்களுக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவாகவே தெரிந்தது. தொடுகை, மணம், நிறம் பிடிக்காமல் குழந்தை ஓரிரு உணவுகளை மட்டுமே உண்கிறது. உணவு குறுகியதால் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் வகையும் குறைகிறது. நாள்தோறும் வெள்ளைச் சோறும் பிஸ்கெட்டும் மட்டும் தின்னும் குழந்தையின் குடல் வேறுமாதிரி இருப்பதில் வியப்பில்லை.

பூஞ்சை மருந்தால் ஆட்டிசம் மாறும் என்பதற்கு முறையான சோதனைகளில் சான்று கிடையாது. இழப்பு மட்டும் நிச்சயம். பால், கோதுமை, சர்க்கரை என்று ஒவ்வொன்றாக நிறுத்தினால் ஏற்கெனவே குறைவாக உண்ணும் குழந்தை இன்னும் மெலியும். மாதக்கணக்கில் பூஞ்சை மாத்திரை கொடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். கடன் வாங்கி அதற்குச் செலவழித்த இரண்டு மூன்று வயதுக் காலம், பேச்சுப் பயிற்சிக்கு மிகவும் பயன்பட்டிருக்கக் கூடிய காலம். தேவையில்லாமல் புழங்கும் ஒவ்வொரு பூஞ்சை மருந்தும் வெளியே, தோலில், மருந்துக்கு அடங்காத பூஞ்சையையும் வளர்க்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பூஞ்சைத் தொற்று வந்தால் அது மற்ற குழந்தைகளுக்கு வருவதுபோல் இருப்பதில்லை. இதைப் பற்றித்தான் பெற்றோரும் மருத்துவர்களும் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். "அம்மா, இங்க அரிக்குது" என்று சொல்லத் தெரியாத குழந்தை என்ன செய்யும்? தூங்காது. உட்கார்ந்த இடத்தில் உட்காராது. கையைக் கடித்துக்கொள்ளும், உடையைக் கழற்றி எறியும், தலையைச் சுவரில் முட்டும். பார்ப்பவர்கள் ஆட்டிசம் முற்றிவிட்டது என்பார்கள். சில நேரம் மருத்துவரும் அப்படியே நினைத்து அமைதிப்படுத்தும் மருந்தைக் கூட்டுவார். ஆட்டிசம் உள்ள குழந்தையின் நடத்தை திடீரென்று மாறினால், மருந்தைத் தொடுவதற்கு முன் அந்தக் குழந்தையை முழுவதுமாகப் பார்க்க வேண்டும்: காது, பல், வயிறு, அக்குள், தொடை இடுக்கு, விரலிடுக்கு, தலைமுடிக்குள். இந்தக் குழந்தைகள் பலருக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினால் பிடிக்காது, துண்டு சொரசொரப்பாக உரசும், பழகிய ஒரே சட்டையை ஈரத்தோடும் போட்டுக்கொள்ளத் துடிப்பார்கள். பூஞ்சைக்கு இது வசதி.

சிகிச்சையிலும் சிக்கல் உண்டு. பிசுபிசுக்கும் களிம்பைப் பொறுக்காத குழந்தைக்கு லோஷன் வடிவம் ஒத்துவரலாம். குளிப்பது, துடைப்பது, மருந்து, சட்டை என்று நான்கு படங்களைச் சுவரில் ஒட்டி, நாள்தோறும் அதே வரிசையில் செய்தால் எதிர்ப்பு குறையும். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டால் இந்தக் குழந்தைகளுக்குப் பாதிப் பயம் போய்விடும். தலையில் வரும் பூஞ்சைக்கு, முடி கொத்தாக உதிர்ந்து செதில் கட்டியிருந்தால், மேல்பூச்சு போதாது. பூஞ்சை முடியின் வேருக்குள் இருக்கிறது. கிரைசியோஃபல்வின் அல்லது டெர்பினஃபின் மருந்தை வாரக்கணக்கில் உள்ளுக்குக் கொடுத்தாக வேண்டும். இட்ராகோனசோல் கேப்சூலைச் சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடலில் சரியாகச் சேரும். சாப்பிடவே அடம்பிடிக்கும் குழந்தை என்றால், இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கலப்பு ஆபத்து. கடும் எரிச்சலும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் உள்ள சில குழந்தைகளுக்கு ரிஸ்பெரிடோன் அல்லது அரிப்பிபிரசோல் கொடுக்கிறார்கள். ஆட்டிசத்தைப் போக்க அன்று, அந்தக் கொந்தளிப்பைக் குறைக்க. இந்த மருந்துகளைக் கல்லீரலில் சிதைத்து வெளியேற்றும் நொதிகள் முக்கியமாக இரண்டு. அவற்றில் ஒன்றை டெர்பினஃபின் முடக்குகிறது, மற்றொன்றை இட்ராகோனசோல் முடக்குகிறது. படர்தாமரைக்காகத் தொடங்கிய மாத்திரையால் மனநல மருந்து சிதையாமல் இரத்தத்தில் தேங்கும். அதே அளவு மருந்தைத்தான் கொடுக்கிறார்கள், ஆனால் குழந்தை நாள் முழுக்கத் தூங்குகிறது, எச்சில் வடிக்கிறது, கை விறைக்கிறது. டெர்பினஃபினை நிறுத்திய பிறகும் இந்தத் தடை பல வாரம் நீடிக்கும். தோல் மருத்துவர் ஓர் ஊரில், மனநல மருத்துவர் இன்னோர் ஊரில், இருவருடைய சீட்டும் வேறு வேறு பையில் என்றால் இதைக் கண்டுபிடிக்க யாருமில்லை. குழந்தையின் எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே உறையில் போட்டுக் கையோடு கொண்டுபோகச் சொல்லவும், புதிதாக எழுதப்பட்ட பூஞ்சை மாத்திரையை முதல் வாரத்திலேயே பழைய மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கவும் கிராமச் செவிலியருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், புது இயந்திரமும் வேண்டாம்.